பச்சிளம் குழந்தையின் ஆற்றல் தேவையும் உடல் கலவையும்: எந்த அளவீட்டு முறை எதற்கு?

ஆறு மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிலோகலோரி வேண்டும்? அதன் எடையில் கொழுப்பு எவ்வளவு, மற்ற திசு எவ்வளவு? கேட்க எளிய கேள்விகள்தான். அளக்க இறங்கினால் முறைகள் பத்து இருக்கும்; ஒவ்வொன்றும் ஒரு விடை சொல்லும்; அவை ஒன்றோடொன்று ஒத்தும் போகாது. ஆய்வு தொடங்குபவர்கள், கருவி வாங்கப் போகிறவர்கள், எடை கூடாத குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு யோசிக்கும் ஊட்டச்சத்து நிபுணர்கள் எல்லோரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தேர்வுக்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பரவலாகப் புழங்கும் முறைகளில் எதுவுமே கொழுப்பை நேராக அளப்பதில்லை. நீரையோ கனஅளவையோ வேறெதையோ அளந்து, அதிலிருந்து கொழுப்பில்லாத் திசுவைக் கணக்கிட்டு, எடையிலிருந்து கழிக்கிறோம். கழித்து வரும் மிச்சம்தான் கொழுப்பு. வழியில் நேர்ந்த பிழை அத்தனையும் அந்த மிச்சத்தின் தலையில் வந்து விழும். ஆற்றல் செலவிலும் இதே கதைதான்: இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசம் அது. ஆகவே எந்தக் கருவி நவீனமானது என்று பார்ப்பதைவிட, எந்த முறையின் பிழையை நம் கேள்வி தாங்கும் என்று பார்ப்பதே பலன் தரும்.

## முதலில் அளவுகோல்கள்

தனிக் குழந்தையா, குழுவா? நூறு குழந்தைகளின் சராசரியைச் சரியாகச் சொல்லும் முறை, ஒரு குழந்தையின் எண்ணைச் சரியாகச் சொல்லிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலான தவறான தேர்வுகள் இங்கே பிறக்கின்றன.

வயது. 3 மாதக் குழந்தைக்குப் பொருந்தும் கருவிக்குள் 14 மாதக் குழந்தையை வைக்க முடியாது. பிறப்பு முதல் 2 வயது வரை ஒரே கருவியால் தொடர்வது அநேகமாக நடக்காத காரியம்.

குழந்தை எதைத் தாங்கும்? அசையாமல் கிடக்க வேண்டுமா, பட்டினி வேண்டுமா, எச்சில் தர வேண்டுமா, சிறுநீர் தர வேண்டுமா?

மாறிலிகள். இந்த வயதில் உடலின் வேதியியல் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. கொழுப்பில்லாத் திசுவில் பெரியவர்களுக்கு நீர் 73% அளவில் இருக்கும். பிறந்த குழந்தைக்கு அது ஏறத்தாழ 80%, ஒரு வயதில் 79%. வயதுக்கேற்ற மாறிலியைப் போடாவிட்டால் அளவீடு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் பயனில்லை.

மறைசெலவு. கருவியின் விலை மட்டுமா செலவு? தரக்கட்டுப்பாடு, பயிற்சி, மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்யும் கூடம், வீணாகும் அளவீடுகள், பெற்றோரின் நேரம் எல்லாம் சேரும்.

## ஆற்றல் தேவை: நான்கு வழிகள்

வளரும் குழந்தையின் தேவைக்கு இரண்டு பகுதிகள் உண்டு: அன்றாடம் செலவாகும் ஆற்றல், புதுத் திசுவில் சேமிக்கப்படும் ஆற்றல். சேமிப்பைக் கணக்கிட, சேரும் ஒவ்வொரு கிராம் புரதத்துக்கும் 5.65, கொழுப்புக்கு 9.25 கிலோகலோரி என்று வைப்பது வழக்கம். உடல் கலவை ஆற்றல் கணக்குக்குள் நுழைவது இந்த வழியாகத்தான். நாளைக்கு 20 கிராம் எடை கூடும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 20 கிராமில் 30% கொழுப்பும் 12% புரதமும் என்றால் சேமிப்பு 69 கிலோகலோரி. 15% கொழுப்பு, 15% புரதம் என்றால் 45தான். எடைக் கருவி இரண்டையும் ஒரே 20 கிராம் என்றே காட்டும்.

இந்தச் சேமிப்பு முதல் மாதத்தில் மொத்தத் தேவையில் 40% வரை இருக்கும்; முதல் பிறந்தநாளை நெருங்கும்போது 3% அளவுக்கு இறங்கிவிடும். புதுத் திசுவைக் கட்டுவதற்கு ஆகும் செலவு அன்றாடச் செலவுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதை இன்னொரு முறை கூட்டுவது அடிக்கடி காணும் பிழை.

### 1. சமன்பாடு

உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு வயதுக்குட்பட்டோருக்கான சமன்பாடு இது:

அன்றாடச் செலவு (கிலோகலோரி) = 88.6 × எடை (கிலோ) − 99.4

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தனியாக 92.8 × எடை − 152. புட்டிப்பால் குழந்தைக்கு 82.6 × எடை − 29. வந்த விடையோடு வளர்ச்சிச் சேமிப்பைக் கூட்ட வேண்டும். 6 கிலோ குழந்தைக்குப் பொதுச் சமன்பாடு 432 கிலோகலோரி தரும்.

இதன் மதிப்பீட்டுப் பிழை நாளைக்கு 109 கிலோகலோரி. 432-இல் 109 என்றால் கால் பங்கு. குழுவுக்குத் திட்டமிட இது போதும். ஒரு குழந்தையின் உணவுப் பட்டியலுக்கு இது தொடக்கப் புள்ளி மட்டுமே. இரண்டு வாரம் எடையைப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும்.

ஒரு வயது தாண்டினால் வேறு சமன்பாடு. ஆண் குழந்தைக்கு 310.2 + 63.3 × எடை − 0.263 × எடையின் வர்க்கம். பெண் குழந்தைக்கு 263.4 + 65.3 × எடை − 0.454 × எடையின் வர்க்கம். 1 முதல் 2 வயது வரை இதன் விடையிலிருந்து 7% குறைக்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 11.5 கிலோ ஆண் குழந்தைக்கு 1,003 என்று வருவது, குறைத்த பிறகு 933 ஆகும்.

ஸ்கோஃபீல்டு சமன்பாட்டையும் இத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 3 வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைக்கு 59.5 × எடை − 30.4, பெண் குழந்தைக்கு 58.3 × எடை − 31.1 என்பது அடிப்படை வளர்சிதை மாற்றம் மட்டுமே. நாள் முழுதுக்குமான தேவை அல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவில் அதைப் பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு. தவழ்ந்து திரியும் குழந்தைக்கு அதையே தேவை என்று எழுதிக் கொடுத்தால் பட்டினி போட்டதாகிவிடும்.

எப்போது நன்று: திட்டமிடல், ஆரோக்கியமான குழந்தை, வேறு வழியில்லாத இடம். மறைசெலவு: கணக்குப் போட ஒன்றுமில்லை, திருத்துவதற்கான தொடர் கண்காணிப்பே உண்மையான செலவு.

### 2. மறைமுகக் கலோரிமெட்ரி

குழந்தையின் தலைக்கு மேல் ஒளிபுகும் கவிகையை வைத்து, அதன் வழியே காற்றை இழுத்து, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள ஆக்சிஜன், கரியமில வாயு வித்தியாசத்தை அளப்பது இது. வெயர் என்பவரின் 1949-ஆம் ஆண்டுச் சமன்பாடு அதை ஆற்றலாக மாற்றும்: ஆக்சிஜன் லிட்டருக்கு 3.941, கரியமில வாயு லிட்டருக்கு 1.106 கிலோகலோரி.

நடைமுறை இப்படி இருக்க வேண்டும். பால் குடித்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, குழந்தை தானாகத் தூங்கிய பிறகு கவிகையை வையுங்கள். பெரியவர்களைப்போல இரவெல்லாம் பட்டினி என்பது இங்கே கிடையாது. ஆகவே செரிமானச் செலவும் சேர்ந்தே வரும். கடைசிப் பால் எத்தனை மணிக்கு என்று குறிக்காவிட்டால் இரண்டு அளவீடுகளை ஒப்பிடவே முடியாது. முதல் 5 முதல் 10 நிமிடங்களை ஒதுக்கிவிட்டு, அடுத்தடுத்த 5 நிமிடங்களில் வாயு அளவுகள் 10%-க்குமேல் ஏறி இறங்காத பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அறை குளிர்ந்திருந்தால் குழந்தை வெப்பம் காக்கச் செலவிடும், எண் ஏறும்.

கெடுவது பெரும்பாலும் கசிவால். கழுத்தருகே துணி விலகியிருந்தால் வாயு அளவு குறைந்து காட்டும். சுவாச விகிதம் (வெளிவிடும் கரியமில வாயுவை உள்வாங்கும் ஆக்சிஜனால் வகுத்து வருவது) 0.7-க்குக் கீழேயோ 1.0-க்கு மேலேயோ போனால் முதலில் கசிவையும் அளவுதிருத்தத்தையும் சந்தேகியுங்கள், பிறகு குழந்தையைப் பற்றி யோசிக்கலாம். எத்தனால் எரித்துச் சோதிக்கும்போது விகிதம் 0.667 வர வேண்டும். வராத கருவியில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் குழந்தையிடம் குழாயைச் சுற்றி 10%-க்குமேல் கசிந்தாலோ, கொடுக்கும் ஆக்சிஜன் 60%-ஐத் தாண்டினாலோ விடையை நம்ப முடியாது.

இந்த முறை தருவது தூக்கச் செலவை. விழித்திருக்கும்போது உதைப்பதும் தவழ்வதும் அழுவதும் இதில் இல்லை.

எப்போது நன்று: தீவிர சிகிச்சை, வளர்சிதை மாற்றக் கோளாறு சந்தேகம், குழாய் வழி உணவு பெறும் குழந்தை. தனிக் குழந்தைக்கு அன்றே விடை தருவது இதன் பலம். மறைசெலவு: தூக்கத்துக்காகக் காத்திருக்கும் நேரம். 18 மாதக் குழந்தை தொழில்நுட்பரின் கால அட்டவணைக்குத் தூங்காது.

### 3. இரட்டைக் குறியிட்ட நீர்

டியூட்டீரியமும் (கனமான ஹைட்ரஜன்) ஆக்சிஜன்-18-ம் (கனமான ஆக்சிஜன்) கொண்ட நீரைக் குடிக்கக் கொடுக்கிறோம். டியூட்டீரியம் நீராக மட்டுமே உடலைவிட்டு வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டின் வெளியேற்ற வேகத்தில் உள்ள வித்தியாசம் கரியமில வாயு உற்பத்தியைச் சொல்லும். இரண்டும் கதிரியக்கம் இல்லாத ஐசோடோப்புகள். லிஃப்சன் குழுவினர் 1950-களில் விலங்குகளில் நிறுவிய இந்த முறை, 1982-இல் மனிதரிடம் பயன்படுத்தப்பட்டது. இயல்பாகத் திரியும் குழந்தையின் முழு நாள் செலவைச் சொல்லும் முறைகளில் இதுவே அளவுகோல்.

இதன் மதிப்பு பரிந்துரைகள் மாறிய விதத்திலேயே தெரியும். 1985-ஆம் ஆண்டின் சர்வதேசப் பரிந்துரைகள் குழந்தைகள் உட்கொண்டதை வைத்து எழுதப்பட்டவை. இந்த நீர் முறையை வைத்து 2004-இல் திருத்தியபோது, முதல் 3 மாதங்களுக்கான தேவை 12%, 9 முதல் 12 மாதங்களுக்கான தேவை 20% குறைந்தது. 8 நாள் குழந்தை முதல் 95 வயது வரை 6,421 பேரின் அளவீடுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஆய்வோ, உடல் அளவுக்கேற்பச் சரிசெய்தால் ஒரு வயதுக் குழந்தையின் செலவு பெரியவர்களைவிட ஏறத்தாழ 50% அதிகம் என்று காட்டியது.

இதை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் இது கடினம். எடைக்கு ஏற்பப் பார்த்தால் குழந்தை நிறையக் குடிக்கிறது, நிறையச் சிறுநீர் கழிக்கிறது. அதனால் இரண்டு வேகங்களும் நெருங்கி நிற்கும். எடுத்துக்காட்டாக ஆக்சிஜன்-18 நாளைக்கு 0.24, டியூட்டீரியம் 0.20 என்ற வேகத்தில் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது 0.04 என்ற வித்தியாசம். ஆக்சிஜன் வேகத்தில் 1% பிழை வந்தால் (0.0024) வித்தியாசத்தில் 6% பிழை. இதனால்தான் துளித்துளியாகக் கவனம் வேண்டும்:

- மருந்தளவை (குறியிட்ட நீரின் அளவை) கொடுப்பதற்கு முன் அடிப்படைச் சிறுநீர் மாதிரி கட்டாயம்.
- கொடுத்த நீரை 0.01 கிராம் வரை எடைபோட்டு, சிந்தியதைத் துடைக்க முன்பே எடைபோட்ட பஞ்சை வைத்திருங்கள். துடைத்த பிறகு அதையும் எடைபோடுங்கள்.
- சற்று நேரத்தில் குழந்தை நிறையக் கக்கிவிட்டால் அந்த அளவீட்டைக் கைவிடுவதே உத்தமம்.
- நீர் உறிஞ்சும் ஜெல் உள்ள டயபரிலிருந்து மாதிரி எடுக்க முடியாது. உள்ளே பஞ்சு உருண்டைகளை வைத்து, அடிக்கடி பார்த்து, நனைந்ததும் ஊசியில்லாத சிரிஞ்சில் போட்டுப் பிழியுங்கள். மலம் கலந்தால் தூக்கிப் போடுங்கள்.
- நனைந்த பஞ்சு மணிக்கணக்கில் கிடந்தால் இலகுவான மூலக்கூறுகள் முதலில் ஆவியாகி, மாதிரி செறிந்துவிடும்.
- குப்பியை விளிம்புவரை நிரப்பி இறுக மூடி உறையவைக்க வேண்டும்.

அளவீட்டுக் காலம் பச்சிளம் குழந்தைக்கு 5 முதல் 7 நாள். பெரியவர்களுக்கு வழக்கமான 14 நாள் இங்கே நீளம். அந்த வாரத்தில் வயிற்றுப்போக்கு, நரம்பு வழித் திரவம், வேறு ஊருக்குப் பயணம் ஏதாவது நேர்ந்தால் பின்னணி ஐசோடோப்பு அளவு மாறிக் கணக்கு குலையும். உணவின் சுவாச விகிதத்தையும் ஊகிக்க வேண்டியிருக்கிறது: 0.85-க்குப் பதில் 0.87 என்று போட்டால் விடை சுமார் 2% குறையும்.

எப்போது நன்று: தேவையை நிர்ணயிக்கும் ஆய்வு, மற்ற முறைகளைச் சரிபார்த்தல். மறைசெலவு: ஆக்சிஜன்-18-இன் விலை, ஐசோடோப்பு விகித நிறமாலைமானி உள்ள கூடம், விடை வர ஆகும் மாதங்கள். மறைவரவும் ஒன்று உண்டு: இதே மருந்தளவிலிருந்து மொத்த உடல் நீர் கிடைத்துவிடும். அதாவது உடல் கலவை இலவசம். தனியாக டியூட்டீரியம் கொடுக்க வேண்டியதில்லை.

### 4. உட்கொள்வதை அளத்தல்

பால் குடிக்கும் முன்னும் பின்னும் குழந்தையை அதே உடுப்பில், டயபர் மாற்றாமல் எடைபோடுவது பழைய முறை. 24 மணி நேரமும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். மூச்சிலும் தோலிலும் ஆவியாகும் நீரால் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். தாய்க்கு இது பெரும் தொல்லை. தொல்லையே பாலூட்டலை மாற்றிவிடும்.

தாய்ப்பால் மட்டும் கேள்வி என்றால் மேலான வழி, தாய்க்கு டியூட்டீரிய நீர் கொடுத்து 14 நாட்கள் இருவரின் எச்சிலையும் பார்ப்பது. தாயின் உடலிலிருந்து பால் வழியாகக் குழந்தைக்குப் போனது எவ்வளவு, வேறு வழியாக வந்த நீர் எவ்வளவு என்று இரண்டும் தெரியும். தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதாகச் சொல்லும் இடத்தில் வேறு நீர் கணிசமாக வந்தால், கேள்வித்தாள் சொல்லாததை ஐசோடோப்பு சொல்லிவிடும்.

உட்கொண்டதும் தேவையும் ஒன்றல்ல. அதிகமாக ஊட்டப்படும் குழந்தையிடம் இந்த முறை அதிகத் தேவை என்று காட்டும். 1985-இல் நேர்ந்தது அதுதான்.

கையிலோ காலிலோ கட்டும் அசைவுமானிகளை இங்கே சேர்க்கவில்லை. தூக்கிக்கொண்டு நடப்பதையும், தொட்டில் ஆடுவதையும், வண்டியில் போவதையும் அவை குழந்தையின் அசைவு என்றே எண்ணிக்கொள்கின்றன.

## உடல் கலவை: ஐந்து வழிகள்

### 1. எடை, நீளம், தோல்மடிப்பு

இது இல்லாமல் மற்ற எதுவும் இல்லை. 10 கிராம் வரை காட்டும் எடைக்கருவி, 1 மி.மீ. வரை காட்டும் நீளப்பலகை, இரண்டு பேர். நீளத்தை ஒருவராக அளந்தால் முழங்கால் மடங்கிக் குறைந்து காட்டும். 2 வயதில் படுக்கவைத்து அளப்பதிலிருந்து நிற்கவைத்து அளப்பதற்கு மாறும்போது 0.7 செ.மீ. வேறுபாட்டைச் சரிசெய்யாவிட்டால், குழந்தை ஒரே நாளில் குட்டையானதுபோல் பதிவாகும்.

தோல்மடிப்பை மேற்கையின் பின்புறத்திலும் தோள்பட்டை எலும்பின் கீழும், எப்போதும் ஒரே பக்கத்தில் எடுங்கள். இடுக்கி அழுத்தியபின் இத்தனையாவது நொடியில் படிப்பது என்று முன்பே நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். பச்சிளம் தோலில் நீர் அதிகம். அழுத்த அழுத்த எண் இறங்கிக்கொண்டே போகும். ஒருவர் 2 நொடியிலும் இன்னொருவர் 10 நொடியிலும் படித்தால் இரண்டும் வேறு அளவீடுகள்.

தோல்மடிப்பைச் சமன்பாட்டில் போட்டுக் கொழுப்பு விழுக்காடாக மாற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். பெரிய பிள்ளைகளுக்காக எழுதிய சமன்பாடுகள் இங்கே பொருந்தாது. உலக சுகாதார அமைப்பின் தரநிலைகளில் 3 மாதம் முதல் 5 வயது வரை தோல்மடிப்புக்கு நேரடி ஒப்பீடு இருக்கிறது. அதையே எழுதுவது நேர்மை. 6 முதல் 59 மாதம் வரை மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.-க்குக் குறைந்தால் கடும் ஊட்டக்குறைவு என்ற முடிவுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

### 2. காற்றறை

மூடிய அறைக்குள் குழந்தையைக் கிடத்தி, அழுத்த மாற்றத்திலிருந்து கனஅளவைக் கண்டு, எடையை அதனால் வகுத்து அடர்த்தியைப் பெறுவது. கொழுப்பின் அடர்த்தி 0.9007, கொழுப்பில்லாத் திசுவின் அடர்த்தி வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப அட்டவணையிலிருந்து வரும். அளவீடு இரண்டே நிமிடம். குழந்தை அழலாம், உதைக்கலாம். பிறந்த சில மணி நேரத்திலும் செய்யலாம். ஊசியில்லை, கதிர் இல்லை, மாதிரி இல்லை. முதல் ஆறு மாதத்துக்கு இதைவிட வசதியானது வேறில்லை என்பதே எங்கள் மதிப்பீடு.

ஆனால் கணக்கு மிக நுண்ணியது. 25% கொழுப்புள்ள 5 கிலோ குழந்தையின் கனஅளவு சுமார் 4.9 லிட்டர். அதில் 10 மி.லி. கூடுதலாகக் காட்டினால் கொழுப்பு 26.2% ஆகிவிடும். எடையில் 10 கிராம் கூடுதல் என்றால் 23.9%. எனவே:

- உடுப்பு, டயபர் எதுவும் இருக்கக் கூடாது. கைப்பட்டை, தொப்புள்கொடிக் கவ்வி போன்றவற்றை முன்பே கருவியில் கழித்துக்கொள்ள வேண்டும்.
- தலைமுடிக்குள் சிக்கிய காற்று கனஅளவைக் கெடுக்கும். தொப்பி போடுங்கள் அல்லது எண்ணெய் தடவிப் படிய வையுங்கள்.
- அளவீட்டின்போது கதவு திறந்து மூடினாலோ மின்விசிறி ஓடினாலோ அழுத்தம் அலையும்.
- எடை காட்டும் எண் நிலைக்கும் வரை பொறுத்திருங்கள். உதைக்கும் குழந்தையின் எடையை அவசரமாகப் பதிவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

மறைசெலவு: கருவி பெரியது, நகர்த்தினால் மறுபடி அளவுதிருத்தம், வெப்பம் சீரான அறை. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, ஆறு மாதம் தாண்டினால் குழந்தை அதற்குள் அடங்காது என்பது. பெரியவர்களின் கருவிக்குக் குழந்தை இருக்கை பொருத்தினாலும் 2 வயதில்தான் தொடங்க முடியும். நடுவில் ஒன்றரை ஆண்டு வெற்றிடம்.

### 3. டியூட்டீரிய நீர்த்தல்

அந்த வெற்றிடத்தை நிரப்புவது இது. எடைபோட்ட டியூட்டீரிய நீரைக் கொடுத்து, உடல் நீரில் அது எவ்வளவு நீர்த்தது என்று 3 மணி நேரம் அளவில் எச்சிலிலோ சிறுநீரிலோ பார்க்கிறோம். டியூட்டீரியம் நீரல்லாத ஹைட்ரஜனோடும் சற்றுக் கலப்பதால் வந்த விடையை 1.041-ஆல் வகுக்க வேண்டும். பிறகு வயதுக்கேற்ற நீர் விழுக்காட்டால் வகுத்தால் கொழுப்பில்லாத் திசு.

மாறிலி எவ்வளவு ஆளும் என்று பாருங்கள். 7.5 கிலோ குழந்தை, உடல் நீர் 4.5 கிலோ. 79% என்று வைத்தால் கொழுப்பு 24%. மென்பொருளில் பெரியவர்களின் 73.2% கிடந்தால் 18%. அளவீடு ஒன்றே, குழந்தையும் ஒன்றே. மென்பொருளின் ஒரு பெட்டியில் இருந்த எண் மட்டும் வேறு. இனி அதே குழந்தை மருந்தளவில் 5%-ஐத் துப்பிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை என்று வையுங்கள். உடல் நீர் 4.74 கிலோ என்று காட்டும். கொழுப்பு 20% என்று வரும். மெல்லிய குழந்தை என்று எழுதிவிடுவோம்.

காத்திருக்கும் மூன்று மணி நேரத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்காமல் இருக்க முடியாது. 150 மி.லி. பாலில் சுமார் 130 கிராம் நீர், 4.5 கிலோவில் அது 3%. கொடுத்த அளவைக் குறித்துக் கழியுங்கள். எச்சில் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் பால் வேண்டாம். வாயில் தங்கிய பால் மாதிரியை நீர்க்கச் செய்யும்.

பகுப்பாய்வில் இரண்டு பாதைகள். அகச்சிவப்பு நிறமாலைமானி எளியது, பராமரிப்பு குறைவு, அன்றே விடை. ஆனால் மருந்தளவு கூட வேண்டும், சில மில்லிலிட்டர் எச்சில் வேண்டும். வாயில் பஞ்சை உருட்டி, சிரிஞ்சில் பிழிந்து அதைச் சேர்க்க ஒரு நாலு மாதக் குழந்தையிடம் நிறையப் பொறுமை தேவைப்படும். ஐசோடோப்பு விகித நிறமாலைமானிக்குத் துளி மாதிரியும் குறைந்த மருந்தளவும் போதும்; ஆனால் வேறு கூடத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

### 4. டெக்ஸா ஸ்கேன்

இரண்டு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்-கதிர்களை உடல் எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன் இது. எலும்புத் தாது வேண்டும், கை கால் உடம்பு என்று பகுதி பகுதியாகத் தெரிய வேண்டும் என்றால் இதுதான். கதிர்வீச்சு சில மைக்ரோசீவர்ட் மட்டுமே. ஆனாலும் ஆரோக்கியமான குழந்தையைத் திரும்பத் திரும்ப உட்படுத்த நெறிமுறைக் குழு கேள்வி கேட்கும், கேட்கவும் வேண்டும். சில நிமிடங்கள் அசையக் கூடாது. பால் கொடுத்து, ஒரே மெல்லிய துணியில் சுற்றித் தூங்கவைத்து எடுப்பதே வழி. ஒரு வயதுக் குழந்தைதான் இதில் படுமோசம்: தூங்கவும் செய்யாது, சொன்னால் கேட்கவும் தெரியாது. அசைவு பட்ட படத்தை மென்பொருள் பேசாமல் கணக்கிட்டு எண் கொடுத்துவிடும். படத்தைக் கண்ணால் பார்த்து ஒதுக்குவது மனிதரின் வேலை.

இன்னொரு பொறி: உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர், மென்பொருள் பதிப்புக்குப் பதிப்பு விடை மாறும். ஆய்வின் நடுவே பதிப்பை மேம்படுத்தாதீர்கள். மேம்படுத்தியே ஆக வேண்டுமானால் பழைய படங்கள் அத்தனையையும் மறுபகுப்பாய்வு செய்ய வேண்டும்.

### 5. மின்தடை முறை

உடலில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, அதற்கு எழும் தடையிலிருந்து உடல் நீரை ஊகிப்பது இது. மலிவு, வேகம், கையடக்கம். கவர்ச்சி எல்லாம் சரிதான். ஆனால் சின்னஞ்சிறு கால்களில் மின்முனைகளுக்கு இடையே போதிய தூரம் வைக்கவே இடமில்லை. சமன்பாடுகளில் கணிப்பின் பெரும்பகுதியை எடையும் நீளமுமே செய்துவிடுகின்றன. தன் மக்கள்தொகையிலேயே நீர்த்தல் முறையோடு ஒப்பிட்டுச் சமன்பாடு எழுதிக்கொள்ளாதவர்களுக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

## ஒரே பார்வையில்

| முறை | தருவது | பொருந்தும் வயது | குழந்தைக்குத் தொல்லை | எங்கே தவறும் | நம்பலாமா? |
|---|---|---|---|---|---|
| சமன்பாடு | ஆற்றல் | எல்லாம் | இல்லை | தனிக் குழந்தையிடம் | குழுவுக்கு |
| கலோரிமெட்ரி | தூக்கச் செலவு | எல்லாம். நடக்கும் வயதில் கடினம் | தூக்கம் வேண்டும் | கசிவு, கடைசிப் பால் | தனிக் குழந்தைக்கும் |
| இரட்டைக் குறியிட்ட நீர் | முழு நாள் செலவு, உடல் நீர் | எல்லாம் | ஒரு வாரச் சிறுநீர் | சிந்தல், ஆவியாதல் | குழுவுக்கு மிக நன்று |
| தோல்மடிப்பு | தோலடிக் கொழுப்புச் சுட்டி | 3 மாதம் முதல் | சிறிது | அளப்பவர் மாறினால் | போக்கைப் பார்க்க |
| காற்றறை | கொழுப்பு விழுக்காடு | பிறப்பு முதல் ஏறத்தாழ 6 மாதம் | மிகக் குறைவு | எடை, முடி, அறை | தனிக் குழந்தைக்கும் |
| டியூட்டீரியம் | கொழுப்பு விழுக்காடு | 3 மாதம் முதல் வசதி | 3 மணி நேரம் | துப்பல், நீர் மாறிலி | குழுவுக்கு நன்று |
| டெக்ஸா | எலும்பு, கொழுப்பு, பகுதிகள் | எல்லாம். ஒரு வயதில் கடினம் | அசையாமை | அசைவு, பதிப்பு | ஒரே கருவிக்குள் |
| மின்தடை | உடல் நீர் ஊகம் | - | மிகக் குறைவு | சமன்பாடு | பெரும்பாலும் இல்லை |

## உங்கள் சூழலுக்கு

எடை கூடாத 10 மாதக் குழந்தை, ஊட்டச்சத்து ஆலோசனை: சமன்பாட்டில் தொடங்குங்கள், எடை ஏறும் வேகத்தைப் பார்த்துத் திருத்துங்கள். ஐசோடோப்பு வேண்டாம், விடை வருவதற்குள் குழந்தை வேறு குழந்தையாகியிருக்கும். இரண்டு முறை திருத்தியும் ஏறவில்லை என்றால் கலோரிமெட்ரிக்கு அனுப்பலாம்.

குறைப்பிரசவக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் கூடுதல் ஊட்டம் தசையாகிறதா கொழுப்பாகிறதா என்ற கேள்வி: காற்றறை. எடை வளைகோடு இதைச் சொல்லவே சொல்லாது.

கள ஆய்வு, நடமாடும் குழு, 6 முதல் 24 மாதம்: டியூட்டீரியமும் தோல்மடிப்பும். ஒரு குளிர்பெட்டி, நல்ல தராசு, பயிற்சி பெற்ற இருவர் இருந்தால் போதும்.

எலும்பு நோய், நீண்டகால ஸ்டீராய்டு: டெக்ஸா, தயங்காமல்.

மாறிலிகளையே சோதிக்கும் ஆய்வு, கடும் ஊட்டக்குறைவு, வீக்கம்: இங்கே திசுவின் நீர் விழுக்காடே மாறியிருக்கும், எந்த ஒற்றை முறையும் ஏமாற்றும். காற்றறை, டியூட்டீரியம், டெக்ஸா மூன்றையும் எடையோடு சேர்த்து, உடலைக் கொழுப்பு, நீர், எலும்புத் தாது, புரதம் என்று பிரிக்கும் நான்கு கூறு மாதிரி வேண்டும். மூன்று கருவிகளின் பிழைகளும் சேரும் என்பதை மறக்காமல் செய்யுங்கள்.

பிறப்பு முதல் 2 வயது வரை தொடரும் ஆய்வுக்கு ஒரே கருவி கிடையாது என்று முன்பே சொன்னோம். சர்வதேச அணுசக்தி முகமையின் பன்னாட்டு ஒப்பீட்டு ஆய்வு (ஆஸ்திரேலியா, பிரேசில், இந்தியா, இலங்கை, தென்னாப்பிரிக்கா, பாகிஸ்தான்) ஆறு மாதம் வரை காற்றறையும், 3 முதல் 24 மாதம் வரை டியூட்டீரியமும் பயன்படுத்தியது. 3 முதல் 6 மாதம் வரை இரண்டும் மேற்பொருந்துகின்றன. அந்தக் காலத்தில்தான் முறைகளுக்கு இடையே உள்ள இடைவெளி எவ்வளவு என்று தெரியும். மேற்பொருத்தம் இல்லாமல் ஆறாம் மாதத்தில் கருவியை மாற்றினால், வரைபடத்தில் தெரியும் ஏற்றமோ இறக்கமோ குழந்தையுடையதா கருவியுடையதா என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

இரண்டையும் செய்யும் நாளில் வரிசை முக்கியம். முதலில் அடிப்படை மாதிரி. பிறகு உடுப்பைக் கழற்றிக் காற்றறை. அங்கே எடுத்த எடையையே இரண்டு கணக்குக்கும் வையுங்கள். டியூட்டீரியம் அதற்குப் பிறகுதான், பாலுக்கு முன். வயிறு நிறைந்த குழந்தையிடம் மருந்தளவைக் கொடுத்தால் பாதி கழுத்துத் துணிக்குப் போகும், அந்தத் துணியை முன்பே எடைபோட்டு வைத்திருக்க மாட்டீர்கள்.